சாட்டை இல்லாத வண்டி

என் மாமா யாரையும் கை நீட்டி அடித்ததில்லை. மனிதரையும் இல்லை, மிருகத்தையும் இல்லை. திண்டிவனம் ஸ்டேஷன் வாசலில் நின்ற ஜட்கா வண்டிகளில் சாட்டை இல்லாமல் ஓடியது அவர் வண்டி ஒன்றுதான். அவரை நினைத்தால் எனக்கு இன்றும் குமட்டுகிறது. அவரைத் தெரிந்த இரண்டொரு பேர் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். "தங்கமான மனுஷன்மா உங்க மாமா" என்று அவர்கள் ஆரம்பித்தால் தலையை ஆட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவேன்.

ஆள் குள்ளம். எப்போதும் சலவை வேட்டி. மற்ற வண்டிக்காரர்களிடம் அடிக்கும் குதிரை லத்தி நாற்றம் அவரிடம் அடிக்காது. காது மடலில் சவ்வாது தடவியிருப்பார். உள்ளங்கை மெத்தென்று, எப்போதும் லேசாக ஈரமாக இருக்கும். எல்லோரும் அவருக்குக் 'கண்ணு'தான். வண்டியில் ஏறும் தாசில்தார் ஆபீஸ் குமாஸ்தா கண்ணு, தயிர்க்காரி கண்ணு, என் அம்மா கண்ணு, நான் கண்ணு, குதிரையும் கண்ணு. மடியில் ஒரு வெல்லக்கட்டி வைத்திருப்பார். இடுப்பு வியர்வையில் அது இளகி, வேட்டி நூல் ஒட்டியிருக்கும். அதைப் பாதி கடித்துக் குதிரைக்குக் கொடுப்பார். மீதியை என் வாயில் ஊட்டுவார். அப்போது நான் அதைச் சப்புக்கொட்டித் தின்றேன். இப்போது அந்த ருசி ஞாபகம் வந்தால் எழுந்து போய் வாயைக் கொப்பளிக்கிறேன்.

என் அப்பா நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே வாந்திபேதியில் போய்விட்டார். அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு ரயில் பாதை ஓரத்தில் இருந்த தன் அண்ணன் வீட்டுக்கு வந்தாள். மாமாவின் மனைவி அதற்கு முன்பே பிறந்த வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். ஏன் போனாள் என்று யாரும் சொல்லவில்லை. அடி உதை இல்லாத வீட்டை விட்டு ஒருத்தி போனால் ஊர் அவளைத்தானே குறை சொல்லும்? அப்படித்தான் சொன்னது.

அவருக்கு ஒரு மோப்ப சக்தி இருந்தது. எந்த ஜீவனுக்கு எதன்மேல் உயிரோ, அதைக் கண்டுபிடித்துவிடுவார். தெருவில் ஒரு பெட்டை நாய் குட்டி போட்டிருந்தது. எங்கள் வைக்கோல் போருக்குக் காவல் வேண்டும். மாமா நாயைக் கூப்பிடவில்லை, அதற்குச் சோறும் வைக்கவில்லை. குட்டிகளைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக எங்கள் கொல்லைப் பக்கம் நகர்த்தி வைத்தார். நாய் பின்னாலேயே வந்தது. குட்டிகள் வளர்ந்ததும் கேட்டவர்களுக்கெல்லாம் தூக்கிக் கொடுத்தார். ஒன்றை மட்டும் வைக்கோல் போருக்குப் பக்கத்தில் கயிறு போட்டுக் கட்டினார். தாய் அதை விட்டு நகரவில்லை. யார் வந்தாலும் கடிக்கப் பாய்ந்தது.

"பாத்தியா கண்ணு, கட்டாமயே நிக்குது" என்று தாய் நாயைக் காட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் நின்றுபோயின. கரி போட்டு ஓட்டிய ஒன்றிரண்டும் பாதி வழியில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றன. ஜட்காவுக்கு மவுசு வந்தது. ஊரில் கிழடு என்று கழித்துப் போட்ட குதிரைகளையெல்லாம் மறுபடி பூட்டினார்கள். அப்போது மாமா ஓட்டிக்கொண்டு வந்ததுதான் செவலை. தொங்கிப்போன கீழுதடு, நீண்டு மஞ்சளித்த பற்கள், இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு நிற்கும் ஒரு கிழப் பெட்டைக் குதிரை. சேணம் அழுந்தும் இடத்தில் ஆறாத புண். அதில் எப்போதும் ஈ.

எனக்கு அப்போது முன்பல் இரண்டு விழுந்திருந்தது. 'செவலை' என்று சொல்ல வராது. காற்றுப் போய் 'ஷ்ஷெவ்லே' என்று விசிலடிக்கும். கூடவே 'தா, தா' என்று கொஞ்சுவேன். செவலைக்கு அந்தச் சத்தம் பிடித்துவிட்டது. நான் கூப்பிட்டால் காது இரண்டும் என் பக்கம் திரும்பும். அம்மா அரைத்துக் கொடுத்த மஞ்சளும் வேப்பெண்ணெயும் கலந்து நான்தான் புண்ணுக்குத் தடவுவேன். சீழ் நாற்றம் அடிக்கும். மூச்சை அடக்கிக்கொண்டு தடவுவேன். அது தோலைச் சிலிர்த்துக்கொண்டு நிற்கும், காலைத் தூக்காது. ரயில் ஊதினால் அதற்குப் பயம். தலையைத் தாழ்த்தி என் தோளில் மோவாயை வைக்கும். நான் இரண்டு கையாலும் அதன் காதுகளைப் பொத்துவேன். ரயில் போன பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே நிற்போம். என் பங்குக் கேப்பைக் கூழில் பாதி அதற்குத்தான். நான் எதிரில் உட்கார்ந்தால்தான் புல்லில் வாய் வைக்கும்.

அதற்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது என்பதை முதலில் கண்டுபிடித்ததும் நான்தான். முகத்துக்கு நேராகக் கையை ஆட்டினேன், இமைக்கவில்லை. ஓடிப்போய் மாமாவிடம் சொன்னேன். அவர் வந்து பார்த்தார். குதிரையின் கண்ணைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"நீ கூப்ட்டா வருதா கண்ணு?"

"வரும் மாமா."

"எங்க, அந்த மூலையில நின்னுக்கினு கூப்டு."

கூப்பிட்டேன். செவலை தடுமாறிக்கொண்டு வந்து என் வயிற்றில் மூக்கை வைத்தது. மாமா என் தலையைத் தடவிக்கொடுத்தார். மறுநாளிலிருந்து என்னை வண்டியில் முன்பலகையில் உட்கார வைத்தார்.

கொஞ்ச நாளில் பலகையில் உட்கார்ந்து கூப்பிடுவது போதவில்லை. மேட்டில் செவலை நின்றுவிடும். அப்போது என்னை இறக்கி விடுவார். நான் முன்னால் நடந்துகொண்டே கூப்பிட வேண்டும்; அது என் குரலைப் பிடித்துக்கொண்டு வண்டியை இழுத்துக்கொண்டு வரும். பெருமுக்கல் மலைக் கோயிலுக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு மரக்காணம் ரோட்டில் அப்படித்தான் போவோம். வெயிலில் தரை காலைச் சுடும். திரும்பிப் பார்த்தால் செவலையின் வாயிலிருந்து நுரை ஒழுகும். விலாவெலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாக ஏறி இறங்கும். புண் வெளியே தெரியாமலிருக்க மாமா அதன்மேல் ஒரு சிவப்பு வெல்வெட் துணி போர்த்தி, ஓரத்தில் சந்தனம் தடவியிருந்தார். துணியின் அடியிலிருந்து மஞ்சள் நீர் வழிந்து முன்னங்காலில் இறங்கும். வண்டியில் இருப்பவர்களுக்குச் சந்தன வாசனைதான் வரும்.

ஒருநாள் வண்டியிலிருந்த ஓர் அம்மாள் கேட்டேவிட்டாள்.

"இன்னாய்யா இது, பச்சக் கொழந்தைய வெயில்ல நடக்க வுட்டுக்கினு? குருதைக்கும் முடியல பாரு."

"அதுங்க ரெண்டும் ஒரே உசுரும்மா" என்றார் மாமா. "இது நடந்தாத்தான் அது நடக்கும். வூட்டுல வுட்டுட்டு வந்தா ரெண்டும் சோறு தண்ணி இல்லாம கெடக்கும். நானு பிரிக்கவா முடியும், சொல்லுங்க?"

அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. இறங்கும்போது எனக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்தாள். "சாட்டையே இல்லாம ஓட்டுறாரே, புண்ணியவான்" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிக்கொண்டு போனாள். மாமா அதைக் கேட்டுவிட்டு வெட்கப்பட்டுச் சிரித்தார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் இதில் அசிங்கம். நானும் செவலையும் ஒரே உயிர்தான். அது என் குரலுக்காக நடந்தது. நான் அது நிற்கக்கூடாதே என்று நடந்தேன். எங்கள் பிரியத்தையே மூக்கணாங்கயிறாகத் திரித்து அவர் கையில் பிடித்துக்கொண்டிருந்தார்.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. அந்த வீட்டில் அடுப்பு, கொட்டில், துணி எல்லாம் அவள்தான். பேசவே மாட்டாள். ஒருநாள் காலை மாமா சாப்பிடும்போது சொன்னாள்:

"அண்ணே, விழுப்புரத்துல மல்லாட்டை உடைக்கிற மில்லுல பொம்பளைங்கள எடுக்குறாங்களாம். நானும் பாப்பாவும் போறோம்."

"தாராளமா போ தங்கச்சி. உன்ன யாரு தடுக்குறது?" என்றார். இன்னும் ஒரு கரண்டி குழம்பு கேட்டு ஊற்றிக்கொண்டார்.

சாயங்காலம் என்னைக் கொட்டிலுக்கு அழைத்துப் போனார். செவலையின் கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னார். "அம்மா மில்லுக்குப் போயிடுமாம் கண்ணு. நீயும் போயிட்டா இதுக்கு யாரு புல்லு போடுவா? கண்ணும் தெரியாது பாவம். உன்னக் கூப்ட்டுக் கூப்ட்டே செத்துடும். நீ அழுவாத, கண்ணு."

அழாதே என்று அவர் சொன்ன பிறகுதான் நான் அழ ஆரம்பித்தேன். ஓடிப்போய் அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு, போகக்கூடாது என்று புரண்டேன். அம்மா கட்டி வைத்திருந்த மூட்டையைப் பிரித்துப் புடவைகளைக் கொடியில் போட்டாள். மாமா வாசல்படியில் நின்றுகொண்டு, "கொழந்த மனசு தங்கச்சி, நான் இன்னா பண்றது?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மழைக்காலம் முடிந்த சமயத்தில் ரயில்வே கேட் அருகே செவலை வண்டியோடு முட்டி போட்டு விழுந்தது. பிறகு வண்டியில் பூட்டினால் கால் நடுங்கியது. சும்மா நடக்க மட்டும் முடிந்தது. மாமா சில நாள் அதற்கு நல்ல தீனி வைத்தார், தன் கையால் தேய்த்துக் குளிப்பாட்டினார். பிறகு ஒருநாள் விடியற்காலை என்னை எழுப்பினார்.

"விழுப்புரத்துல குருதை டாக்டரு ஒர்த்தரு இருக்காரு கண்ணு. கண்ணுக்கு மருந்து போட்டா தெரிஞ்சிடுமாம். நீ வந்தாத்தானே அது வரும்?"

நான் பாவாடையை இழுத்துக் கட்டிக்கொண்டு உடனே கிளம்பிவிட்டேன். பெரிய ரோட்டில் நான் முன்னால், செவலை என் முதுகில் மூச்சு விட்டுக்கொண்டு பின்னால், மாமா குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில். நான் களைத்தால் தோளில் ஏற்றிக்கொண்டார். மேலே உட்கார்ந்துகொண்டு கூப்பிட்டேன். பனங்கிழங்கு வாங்கிக் கொடுத்தார். அவ்வப்போது என்னிடம், "எப்டி கண்ணு கூப்டுவ? இன்னொரு வாட்டி கூப்டு" என்று கேட்டார். நான் கூப்பிட்டேன். அவரும் விளையாட்டுக்கு என்னைப்போல் கூப்பிட்டுப் பார்த்தார். சரியாக வரவில்லை. இரண்டு பேரும் சிரித்தோம். விக்கிரவாண்டி சத்திரத்தில் தங்கினோம். என் காலில் கொப்புளம் போட்டிருந்தது. தேங்காயெண்ணெய் வாங்கி வந்து அந்த மெத்தென்ற கையால் நான் தூங்கும்வரை தடவிவிட்டார்.

மறுநாள் விழுப்புரம் ஊரைத் தாண்டி, ரயில் பாதைக்கு அப்பால் ஒரு மண்பாதையில் திருப்பினார். முதலில் வந்தது நாற்றம். செவலையின் புண் நாற்றம் எனக்குப் பழக்கம். இது அப்படிப் பல நூறு புண்களின் நாற்றம். மேலே பருந்துகள். ஒரு நீண்ட மண்சுவர், அதில் ஒரு தகரக் கதவு. சுவர்மேல் ஈரத் தோல்களை மடித்துப் போட்டிருந்தார்கள். செவலை நின்றுவிட்டது. மூக்கு விடைத்தது. உடம்பெல்லாம் நடுங்கியது.

"மாமா, இதுவா ஆஸ்பத்திரி?"

"இது பின்பக்கம் கண்ணு. உள்ள போய்க் கூப்டு, வந்துடும்."

திறந்திருந்த கதவு வழியாகப் பார்த்தேன். உள்ளே எலும்புக் குவியல். அதன் ஓரத்தில் ஒரு குளம்பு கிடந்தது. லாடம் அப்படியே இருந்தது. நாய் ஒன்று அதை நக்கிக்கொண்டிருந்தது.

நான் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அப்போது ஒன்றே ஒன்றுதான் தெரிந்தது: நான் கூப்பிட்டால் அது உள்ளே போய்விடும், கூப்பிடாவிட்டால் போகாது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். மாமா மண்ணில் முட்டி போட்டு உட்கார்ந்தார். என் மோவாயைப் பிடித்துக் கெஞ்சினார். மடியிலிருந்து வெல்லத்தை எடுத்து என் உதட்டில் தேய்த்தார். "என் ராஜாத்தி இல்ல, ஒரே ஒரு வாட்டி" என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். அந்தத் தோல் கிடங்கின் ஆட்கள் இரண்டு பேர் கயிறும் தடியுமாக வந்தார்கள்.

"அய்யய்யோ, அடிக்காதீங்கப்பா!" என்று மாமா பதறிக்கொண்டு எழுந்தார். "நானு அழைச்சிக்கினு வர்றேன். இந்தக் கொழந்தையக் கொஞ்சம் அந்தாண்ட இட்டுக்கினு போங்க."

ஒருவர் என்னைத் தூக்கிக்கொண்டு போய்த் தூரத்தில் ஒரு வேலமரத்தடியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டார். மாமா கதவைத் தாண்டி உள்ளே போனார். சுவருக்குப் பின்னால் மறைந்தார்.

பிறகு உள்ளேயிருந்து என் குரல் வந்தது.

"ஷ்ஷெவ்லே... தா, தா, தா... ஷ்ஷெவ்லே..."

பல் விழுந்த இடத்தில் போகும் காற்றுகூட அதில் இருந்தது. நான் மூச்சு விடும் இடத்தில் மூச்சு விட்டது. நான் கொஞ்சும் இடத்தில் கொஞ்சியது. செவலையின் காதுகள் திரும்பின. நடுக்கம் நின்றது. தலையை ஆட்டிக்கொண்டு, முன்னங்காலைத் தடவித் தடவி வைத்து, அது கதவுக்குள் போயிற்று.

என்னைப் பிடித்திருந்த ஆள், "இன்னா மனுஷன்யா இவன்" என்று மெதுவாகச் சொன்னார். தினமும் அந்த நாற்றத்தில் நிற்பவர் அவர். மூக்கைப் பொத்திக்கொள்ளாதவர், காறித் துப்பினார்.

எனக்கு வாந்தி வந்தது. வாந்திக்கு நடுவே கத்தினேன். "ஷ்ஷெவ்லே, போவாத!" தகரக் கதவை அதற்குள் சாத்திவிட்டார்கள். உள்ளேயிருந்து செவலை கனைத்தது. என் சத்தம் இரண்டு பக்கமிருந்தும் எப்படி வருகிறது என்று அதற்குப் புரிந்திருக்காது. மறுபடியும் மறுபடியும் கனைத்தது.

ரயிலில் திரும்பி வரும்போது மாமா ஜன்னலோரத்தில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். எதிரில் இருந்தவர்கள் வீட்டில் யாருக்கு என்ன என்று விசாரித்தார்கள். நடிப்பு இல்லை, நிஜமாகவே அழுதார். அவர் கண்ணீர் பொய்யாக இருந்திருந்தால் எனக்கு அவர்மேல் வெறும் கோபம் மட்டும் இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேப்பை மாவு பிசைந்துகொண்டிருந்தாள். பிசைந்த கையோடு வெளியே வந்தாள்.

"அண்ணே, பாப்பா மாதிரியே கூப்ட்டியாமே?"

மாமா முகம் கழுவிவிட்டுச் சவ்வாது தடவிக்கொண்டிருந்தார். "ஆமாந் தங்கச்சி. இல்லன்னா அடிச்சிருப்பானுங்க. அடி வாங்கிக்கினு சாவ வேணாமேன்னுதான்." பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு, "அச்சு அசலா வந்துச்சு. கேக்குறியா?" என்றார்.

அம்மா வேண்டாம் என்று சொல்லும் முன்பே தலையைச் சாய்த்து, உதட்டைக் குவித்து, அந்தக் கொல்லையில் நின்றுகொண்டு என் குரலில் கூப்பிட்டார். காலிக் கொட்டிலைப் பார்த்துக் கூப்பிட்டார். முடித்துவிட்டு, எப்படி என்பதுபோல் அம்மாவைப் பார்த்தார்.

அம்மா என்னை இழுத்துத் தன் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். மாவு என் தலையெல்லாம் அப்பியது.

விடிவதற்குள் மூட்டை கட்டிவிட்டாள். மாமா எழுந்து வந்து வழக்கம்போல் என்னிடம்தான் முதலில் பேசினார். வைக்கோல் போரடியில் கட்டியிருந்த, இப்போது வளர்ந்துவிட்ட அந்தக் குட்டியைக் காட்டினார்; புதுக் குதிரை வாங்கப்போவதாகச் சொன்னார்; வழியில்லாமல் போனால் அம்மா உன்னை யாரிடமாவது விட்டுவிடுவாள் என்று காதோரம் கிசுகிசுத்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அம்மா கொல்லைக்குப் போய் அந்த நாயின் கயிற்றை அரிவாள்மணையில் அறுத்துவிட்டு வந்து என் கையைப் பிடித்தாள். "எங்க போனாலும் இங்கதானே வரணும் தங்கச்சி" என்று அவர் பின்னாலிருந்து கனிவாகச் சொன்னார். நாங்கள் ஒருநாளும் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை.

விழுப்புரத்தில் இறங்கியதும் அம்மா மில் இருக்கும் தெருவுக்கு வழி கேட்டாள். நான் நகரவில்லை. செவலை இன்னும் உயிரோடு இருக்கலாம், நான் கூப்பிட்டால் வரும் என்று அடம் பிடித்தேன். எனக்கு வழி தெரியும் என்றேன். அம்மா என் பின்னால் வந்தாள். நாற்றம் வந்ததும் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டாள். வேலமரத்தடியில் என்னை உட்கார வைத்துவிட்டு, தகரக் கதவைத் தட்டி உள்ளே போனாள்.

கொஞ்ச நேரத்தில் வந்தாள். புடவை ஓரத்தில் எதுவோ கறுப்பாக ஒட்டியிருந்தது. என் எதிரில் வந்து நின்றாள். குனியவில்லை, தலையைத் தடவவில்லை.

"செத்துப்போச்சுடி. நேத்தே வெட்டிட்டாங்க. தோலப் பாத்தேன், அந்தப் புண்ணு இருந்துச்சு. அதுதான்."

நான் மண்ணில் விழுந்து கத்தினேன். ஊருக்குள் மில் சங்கு ஊதியது. ஆள் எடுக்கும் நேரம் அது என்று எங்களுக்கு ஸ்டேஷனிலேயே சொல்லியிருந்தார்கள். அம்மா அந்தப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, அந்த நாற்றத்தில், நான் அழுது முடிக்கும்வரை பக்கத்தில் நின்றாள்.